வெளிக்கிட்ட நேரம்

எங்கள் ஊரில் ஒருவர் 'வெளிக்கிட்டுட்டன்' என்று போனில் சொன்னால், அதை நம்பி யாரும் வாசலில் போய் நிற்பதில்லை. உடுப்பு மாற்றி முடித்துவிட்டேன் என்றும் இருக்கலாம், புறப்பட்டு வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். என் தங்கை அன்புவழிபுரத்தில் கண்ணாடிக்கு முன்னால் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே வெளிக்கிட்டுட்டன் என்பாள். நான் பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் வெயிலில் காய்வேன். இந்தச் சொல்லால் ஒரு மனிதரின் பிழைப்புப் போகப் பார்த்தது. சொல்லில் பாதிப் பிழை என்றால் மீதிப் பிழை என்னுடையது.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் ஒரு லோஞ்ச் கம்பனியில் எனக்கு வேலை. குடாவில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களையும் மருந்தையும் சாப்பாட்டுச் சாமான்களையும் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பனி. நான்கு லோஞ்ச், அதாவது மோட்டார் படகுகள், உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு டெப், கையகலத் தொடுதிரைக் கணினி, பூட்டியிருக்கிறோம். அதில் மூன்று பட்டன்கள்: வெளிக்கிட்டாச்சு, சேர்ந்தாச்சு, திரும்பியாச்சு. பெயர் வைத்தவள் நான். லோஞ்ச் ஓட்டுபவர் பட்டனைத் தட்டினால், செய்தி ரேடியோ வழியாக, லோஞ்ச்கள் கட்டுகிற ஜெட்டியில் இருக்கிற ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டிக்குள் ஒரு கணினி, அதை இயக்குவது லினக்ஸ் என்ற மென்பொருள். அது செய்தியை வாங்கி மாடியில் இருக்கிற பதிவுக் கணினிக்குக் கைமாற்றிவிடும். பதிவுக் கணினி, செய்தி தனக்கு வந்து சேர்ந்த நேரத்தை எழுதிக்கொள்ளும். டெப்பில் இருக்கிற நேரத்தை எழுத வைத்திருக்கலாம். ஆனால் நாலு டெப்பும் நாலு நேரம் காட்டின. லோஞ்ச்காரர்களின் கடிகாரத்தை நம்புவதா என்ற திமிரில் அதை நான் விட்டுவிட்டேன்.

ஸைனுலாப்தீனை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்போம்; வயது ஐம்பத்து மூன்று. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இருபத்திரண்டு வருடமாக லோஞ்ச் ஓட்டுகிறார். அதிகம் கதைக்காத மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு ஐந்துக்கு வெளியே நின்ற ஒரு சரக்குக் கப்பலிலிருந்து அவசர அழைப்பு வந்தது. கப்பலின் சமையற்காரருக்கு நெஞ்சு வலி. பிலிப்பைன்ஸ் நாட்டு மனிதர். ஒபிஸில் வோக்கி-டோக்கியைப் பார்க்கிற பஹ்மியா நானாவைக் கூப்பிட்டாள். அன்று அவருடைய உதவியாள் லீவு. இரண்டு ஏழுக்கு அவர் பதில் சொன்னார்.

"வெளிக்கிட்டுட்டன் மகள்."

ஆனால் பதிவுக் கணினி வேறு கதை சொன்னது. வெளிக்கிட்டது இரண்டு முப்பத்தொன்று. கப்பலில் சேர்ந்தது இரண்டு நாற்பத்தைந்து. திரும்பியது மூன்று மணி. அம்புலன்ஸ் ஜெட்டியில் காத்து நின்றது. சமையற்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். திங்கட்கிழமை கப்பலின் ஏஜென்சியிடமிருந்து முறைப்பாடு வந்தது: அழைத்து இருபத்தாறு நிமிடம் கழித்துத்தான் உங்கள் லோஞ்ச் கிளம்பியிருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு உயிர் போயிருக்கிறது என்று.

நானா சொன்னது இது: நான் உடனே போனேன், இரண்டு இருபதுக்குக் கப்பலுக்குக் கீழே நின்றேன், மேலேயிருந்து ஆளை இறக்கத்தான் சுணங்கியது, கப்பலின் ஏணி இறுகிவிட்டது. கப்பலோ சனிக்கிழமையே நங்கூரம் தூக்கிப் போய்விட்டது. நோயாளிக்குத் துணையாக நானாவின் லோஞ்சில் வந்த கப்பல் மாலுமியும் அதிலேயே போய்விட்டான். ஜெட்டிக் காவலாளிக்கு எந்த லோஞ்ச் எப்போது போனது என்று நினைவில்லை. பஹ்மியா மட்டும், வோக்கியில் எஞ்சின் சத்தம் கேட்டது என்றாள்.

"எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு ஜெட்டியிலயும் நிக்கலாம் தானே," என்றார் எங்கள் மனேஜர் பாக்கியரத்தினம்.

"அவர் வெளிக்கிட்டுட்டன் எண்டு சொன்னவர், சேர்," என்றாள் பஹ்மியா.

"என்ர மனுசியும் அப்படித்தான் சொல்லுவா. பிறகு நான் காருக்குள்ள இருந்து பேப்பர் முழுக்க வாசிச்சு முடிப்பன்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமைதானே, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்ந்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் மனதுக்குள் அதே எண்ணம்தான் ஓடியது. வாயால் சொல்லவில்லை என்பதால் நான் நல்லவள் ஆகிவிடமாட்டேன்.

விசாரணை அடுத்த வாரம் புதன்கிழமை என்று முடிவானது. குற்றம் உறுதியானால் துறைமுகத்துக்குள் நுழைகிற பாஸ் போய்விடும். பாஸ் இல்லாத லோஞ்ச்காரருக்குத் திருகோணமலையில் வேறு எந்தக் கம்பனியும் வேலை கொடுக்காது. பதிவின் பிரதியை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் மனேஜர். நான் தட்டச்சு செய்து, 'இந்நேரங்கள் தானாகவே பதியப்பட்டவை. பிழை நேர வாய்ப்பில்லை' என்று கீழே எழுதினேன். அந்தக் கடைசி மூன்று சொல்லை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன்.

விசாரணைக்கு முந்திய திங்கட்கிழமை காலை நானா என் அறை வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"மிஸ், ஒரு சின்னக் கேள்வி. கோவிச்சுக்கொள்ளக் கூடாது."

"கேளுங்க நானா."

"அந்த மெஷின் எழுதுறது நான் பட்டனைத் தட்டின நேரமா, உங்களுக்கு வந்து சேர்ந்த நேரமா?"

"வந்து சேர்ந்த நேரம். ரெண்டும் ஒண்டுதான். ஒரு செக்கன் கூட வித்தியாசம் வராது."

"இடையில எங்கயும் நிக்காதா?"

"அது கிண்ணியா பஸ் இல்ல நானா, கை காட்டின இடமெல்லாம் நிக்க."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் மடித்தார்.

"ஏணிக்குக் கீழ நான் நிண்டது இருபத்தஞ்சு நிமிசம் இருக்கும் மிஸ். மேல பாத்துக் கத்திக்கொண்டே நிண்டனான். அப்படித்தான் எனக்கு ஞாபகம்." பிறகு மெல்லச் சொன்னார்: "உங்கட மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு வயசும் போகுது. நான் வாறன்."

அவர் படியில் இறங்கிப் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. என் வேலையில் சந்தேகப்படுகிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். யன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று, யாரோ எறிந்த மட்டைப்பெட்டியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் கோபம் அவர்மேல் இல்லை என்று விளங்கியது. அவர் சொன்ன அந்த எண் என்னைக் குத்தியிருந்தது. இருபத்தைந்து நிமிடம். அந்த எண்ணை என் கையாலேயே அந்தப் பெட்டிக்குள் எழுதிவைத்திருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினி வலையமைப்பில் செய்தி முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டை நாங்கள் பக்கற் என்போம். எங்கள் ஜெட்டிப் பெட்டி வழியாக லோஞ்ச்களின் செய்தி மட்டுமல்ல, கப்பல்களிலிருந்து ஏஜென்சிகளுக்குப் போகும் பெரிய பெரிய கோப்புகளும் போகும். அவை வந்தால் வழி அடைபட்டுவிடும். அதனால் அந்தக் கோப்புகளின் பக்கற்றுகளுக்கு 'நீ இந்த நேரத்துக்குத்தான் போக வேண்டும்' என்று நேரம் குறித்து வரிசையில் நிறுத்திவைப்பேன். வரிசையைக் கவனிக்கிற பகுதி அந்த நேரம் வரும்வரை பக்கற்றைப் பிடித்துவைக்கும். எவ்வளவு தூரத்து நேரம் குறித்திருந்தாலும் ஆகக் கூடியது இருபத்தைந்து நிமிடம்தான் பிடித்துவைக்கலாம் என்று எல்லையும் போட்டிருந்தேன்.

ஒவ்வொரு பக்கற்றோடும் நேரம் எழுதுவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பக்கற் உள்ளே வரும்போது, யாராவது கேட்டால், 'வந்த நேரம்' அதில் எழுதப்படும். பக்கற் வெளியே போகும்போது அதே கட்டத்தில் இருப்பது 'போக வேண்டிய நேரம்' என்று வாசிக்கப்படும். ஒரே கட்டத்துக்கு இரண்டு அர்த்தம். அதனால் ஒரு பக்கற்றை உள்ளே வாங்கி வெளியே கைமாற்றும்போது, நடுவில் அந்தக் கட்டத்தை அழித்துவிட வேண்டும். அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன் நான் பெட்டியை வேகமாக்குகிறேன் என்று கைமாற்றும் பகுதியை எனக்கேற்றபடி திருத்தி எழுதியபோது, அந்த வரியைப் பார்த்தேன். வெறும் கட்டத்தை எதற்கு அழிக்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. எடுத்து எறிந்தேன்.

ஒரு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. காரணம், அந்தக் கட்டம் உண்மையிலேயே வெறுமையாகத்தான் இருந்தது. வந்த நேரத்தை எழுது என்று யாராவது கேட்டால்தான் லினக்ஸ் எழுதும். கேட்காவிட்டால் அந்த வேலையை மிச்சம் பிடித்துக்கொள்ளும். யார் கேட்பார்கள்? பெட்டி வழியாகப் போகிற பக்கற்றுகளை வேவு பார்க்கிற ஒரு கருவி இருக்கிறது. அதைத் திறந்தால் அது கேட்கும்.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமலே என் கோப்புகளைத் தேடினேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் கோப்பு போகாமல் இழுபட்டது என்று பஹ்மியா சொல்ல, நான் வேவுக் கருவியைத் திறந்து பார்த்தது நினைவிருந்தது. திறந்தது ஒன்று ஐம்பத்திரண்டு. மூடியது இரண்டு நாற்பது. அது சேமித்த கோப்பு அப்படியே கிடந்தது. அதற்குள் நானாவின் லோஞ்சைத் தேடினேன். முதல் பக்கற், வெளிக்கிட்டாச்சு: பெட்டிக்கு வந்த நேரம் இரண்டு ஆறு, நாற்பத்தொரு செக்கன். இரண்டாவது, சேர்ந்தாச்சு: இரண்டு இருபது.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என் பெட்டி அந்த இரண்டு செய்தியையும் வாங்கி, வந்த நேரத்தைக் கட்டத்தில் எழுதியிருக்கிறது. வரிசை அதைப் போக வேண்டிய நேரம் என்று வாசித்திருக்கிறது. வரும்போது எழுதுகிற கடிகாரம் 1970 தொடங்கி எண்ணுகிற உலகத்து நேரத்தில் ஓடுவது; போகும்போது பார்க்கிற கடிகாரம் பெட்டிக்கு மின்சாரம் போட்ட நிமிடத்திலிருந்து எண்ணுவது. ஒன்றை மற்றதன் கண்ணால் பார்த்தால், அந்தப் பக்கற் இன்னும் அரை நூற்றாண்டு கழித்துப் போக வேண்டியது மாதிரித் தெரியும். எல்லை இருந்ததால் இருபத்தைந்து நிமிடத்தில் விட்டிருக்கிறது. மூன்று மணிச் செய்தி வரும்போது நான் கருவியை மூடிவிட்டேன். அதனால் அது மட்டும் நேரத்துக்கு வந்தது. நான் எட்டிப் பார்த்த அந்த நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள்தான் அவருடைய உண்மை மாட்டிக்கொண்டது.

வெளிக்கிட்டுட்டன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தவள், அதே கோளாறை இரும்புப் பெட்டிக்குள் செய்துவைத்து, கீழே பிழை நேர வாய்ப்பில்லை என்று கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அந்தக் கோப்பை அழிக்க ஒரு பட்டன் போதும். அழித்தால் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கம்பனியில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்படி ஒரு எண்ணம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் அதோடு இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பஹ்மியா தேத்தண்ணியோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, சுகமில்லையா?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஸைனுலாப்தீன் நானா பிந்தல்ல."

"இல்ல."

"எல்லாருக்கும் சொல்லுவீங்களா அக்கா?"

"சொல்லுவன்," என்றேன். அவளிடம் சொல்லிவிட்டதால் பின்வாங்க வழியில்லாமல் போனது. அதற்காகத்தான் அவளிடம் சொன்னேனோ என்னவோ.

அன்றே நானாவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. மனேஜர் கொழும்பில். சரி, புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

புதன் காலை ஒன்பதரைக்கு மேல்மாடி அறையில் கூடினோம். மனேஜர், துறைமுகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, ஏஜென்சியின் ஆள் குலசிங்கம், பஹ்மியா, நான். நானா மூலைக் கதிரையில் வெள்ளைச் சேர்ட் போட்டு இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மனேஜர் ஒரு தாளை எடுத்தார்.

"இனி அதிகம் கதைக்கத் தேவையில்லை. ஸைனுலாப்தீன் நேற்று ஏஜென்சிக்குப் போய்க் குலசிங்கத்திட்ட ஒரு கடிதம் குடுத்திருக்கிறார். வாசிக்கிறன்."

கடிதம் சின்னது. 'நான் உடனே போனதாகவே நினைத்திருந்தேன். ஆனால் மெஷின் பிழை சொல்லாது என்று எழுத்தில் இருக்கிறது. யோசித்துப் பார்க்கிறேன். அழைப்பு வரும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவினேன். கயிறு அவிழ்த்தேன். அதில் எனக்குத் தெரியாமல் நேரம் போயிருக்கும். ஏணிக்குக் கீழே நின்றது கொஞ்ச நேரமாக இருக்கும், எனக்கு அதிகமாகத் தெரிந்திருக்கும். மௌத்தான அந்த மனிதரின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.'

மெஷின் பிழை சொல்லாது என்று எழுத்தில் இருக்கிறது. அது என் எழுத்து. தண்டனையைக் குறைக்க அவர் அப்படி எழுதவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நம்பி எழுதியிருக்கிறார்.

"கடிதம் பிழை, சேர்," என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "என்ர ரிப்போட்டும் பிழை. நானா ரெண்டு ஆறுக்கே வெளிக்கிட்டவர். உடுப்புப் போட்டது இல்ல, போனவர். செய்தியை இருபத்தஞ்சு நிமிசம் பிடிச்சு வச்சிருந்தது என்ர பெட்டி."

கோப்பைத் திரையில் காட்டினேன். கட்டம், வரி, கருவி எல்லாவற்றையும் சொன்னேன். துறைமுக அதிகாரி பொறுமையாகக் கேட்டார். குலசிங்கம் கேட்கவில்லை.

"மிஸ், அவரே ஒப்புக்கொண்டிட்டார். நீங்கள் இரக்கப்பட்டு ஒரு கோப்பைக் காட்டுறீங்கள். கோப்பில யாரும் என்னவும் எழுதலாம்."

"இரக்கப்படுறதெண்டா போன கிழமையே பட்டிருப்பன். அப்ப எனக்கு இரக்கம் வரேல்லை." எனக்குச் சூடேறிவிட்டது. "நம்பாட்டி இப்பவே சோதிச்சுப் பாருங்கோ. பெட்டியில நான் ஒண்டும் மாத்தேல்லை. கருவியைத் திறக்கிறன். நானா கீழ போய்ப் பட்டனைத் தட்டட்டும். உங்கட ஆள் ஒருத்தர் பக்கத்தில நிக்கட்டும்."

மனேஜர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். நானா எழும்பிப் படியிறங்கினார். குலசிங்கமே கூடப் போனார். கருவியைத் திறந்தேன். பத்து பதினேழுக்கு வோக்கியில் குலசிங்கத்தின் குரல் வந்தது: "தட்டிட்டார்."

பதிவுத் திரையில் ஒன்றும் வரவில்லை.

ஐந்து நிமிடம் போனது. மனேஜர் தேத்தண்ணி வரவழைத்தார். பத்து நிமிடத்தில் அதிகாரி தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையையே பார்க்கத் தொடங்கினார். யன்னலால் பார்த்தால் கீழே ஜெட்டியில் லோஞ்சுக்குள் நானா நிற்பது தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் குலசிங்கம் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. இருபது நிமிடம் ஆனபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் நினைத்தது பிழையாக இருந்தால் அந்த மனிதரின் பாஸ் போகும், போவதற்கு நானே இரண்டாம் தரம் காரணமாவேன். இருபத்தைந்து நிமிடம் இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதே நீளத்தை அவர் ஒரு கப்பலின் அடியில், மேலே ஒருவர் வலியில் கிடக்க, கத்திக்கத்தி நின்று கழித்திருக்கிறார்.

பத்து நாற்பத்திரண்டுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. வெளிக்கிட்டாச்சு, 10.42.

அதிகாரி மெல்ல எழும்பி யன்னலுக்குப் போனார். லோஞ்ச் ஜெட்டியில் கட்டிய கயிற்றோடு அசையாமல் நின்றது. "இது போதும்," என்றார். பாஸில் கைவைக்கத் தேவையில்லை என்றும், ஏணியைப் பற்றிக் கப்பலிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்றும் குலசிங்கம் மேலே வந்ததும் அவரிடம் சொன்னார். குலசிங்கம் மறுக்கவில்லை. மனேஜர் என் பக்கம் திரும்பி, "உங்கட விசயத்தைப் பிறகு கதைப்பம்," என்றார். கதைக்கட்டும் என்று இருந்தது.

நானா கடைசியாக வந்து வாசலிலேயே நின்றார். பஹ்மியா ஓடிப்போய் விசயத்தைச் சொன்னாள். அவர் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான் இருந்த பக்கம் வந்தார்.

"அப்ப எனக்கு ஞாபகம் இருந்ததுதான் சரியா மிஸ்?"

"ஓம் நானா. நீங்க சொன்னது ஒவ்வொண்டும் சரி. நான்தான் பிழை விட்டனான். என்னை மன்னியுங்கோ."

"ரெண்டு கிழமையா படுத்தா நித்திரை இல்ல. கையை எவ்வளவு நேரம் கழுவினேன் எண்டு எண்ணிப் பாப்பன். முதல்ல ஒரு நிமிசம் மாதிரி இருந்திச்சி. பிறகு அஞ்சு நிமிசம் மாதிரி. போன கிழமை, நான் உண்மையாவே ஜெட்டியில குந்திக்கொண்டு இருந்த மாதிரியே கண்ணுக்குள்ள தெரியத் தொடங்கிட்டு." அவர் கதிரையில் இருந்தார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நானும் அழுதேன். பஹ்மியா கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு மனேஜரைக் கேட்டார்.

"சேர், என்ட கடிதத்தைத் திருப்பித் தாங்க."

மனேஜர் தாளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஸைனுலாப்தீன், அது... குலசிங்கம் அதை இங்கிலிசில மாத்தி நேற்றுப் பின்னேரமே அனுப்பிட்டார். அந்தக் குடும்பத்துக்கு."

குலசிங்கம் தலையைக் குனிந்தார். "குடும்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. கெதியா அனுப்பினா நல்லம் எண்டு நினைச்சன்," என்றார்.

நானா தாளைக் கையில் பிடித்தபடி இருந்தார். எங்கோ ஒரு வீட்டில் அந்த மனிதரின் மனைவியும் பிள்ளைகளும், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த ஒரு லோஞ்ச்காரனால்தான் அவர் இறந்தார் என்று இந்நேரம் வாசித்திருப்பார்கள். அதை இனி எந்தப் பெட்டியாலும் பிடித்து நிறுத்த ஏலாது.

"வேற கடிதம் எழுதுவம் நானா," என்றேன். "இப்பவே. நான் இங்கிலிசில எழுதுறன். பிழை என்னுடையது எண்டு முதல் வரியிலயே, என்ர பேரைப் போட்டு."

"எழுதுங்க."

"ஏணி இறுகினது, கப்பல்காரர் மறைச்சது, எல்லாத்தையும் போடுறன்."

அவர் யோசித்தார். "ஏணிக் கதையை அவங்க ஒபிஸ் ஆக்கள் கேட்டு எடுக்கட்டும் மிஸ். வீட்டு ஆக்களுக்கு அது வேணாம். இறங்க ஏலாமக் காத்துக்கொண்டு கிடந்தார் எண்டு தெரிஞ்சா அவங்க எப்படிச் சாப்பிடுற?"

"அப்ப என்னத்தை எழுதுறது நானா?"

"கூட வந்த மாலுமி முன்னுக்கு நிண்டு வோக்கியில கதைச்சுக்கொண்டு வந்தவன். அந்த மனிசன் என்ட காலடியில கிடந்தவர். ஒரு கையால நான் வீலைப் பிடிச்சேன். மற்றக் கையை அவர் எட்டிப் பிடிச்சவர். ஜெட்டிக்கு வரும்வரைக்கும் விடல்ல. என்னவோ சொன்னவர், எனக்கு பாஷை விளங்கல்ல. நான் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு வந்தேன். அதை எழுதுங்க. தனிய வரல்ல எண்டு எழுதுங்க."

நான் எழுதினேன். அவர் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். முடித்து அனுப்பிய பிறகும் எழும்பாமல், போய்ச் சேர்ந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை நானா என்றேன். பதில் வரும்வரை இங்கேயே இருக்கலாமா என்று கேட்டார். நான் அவருக்கு ஒரு தேத்தண்ணி எடுத்துவந்து கொடுத்தேன்.